கார் ஆம்ப்ளிஃபயருக்கு எர்த்: பாடியா, பேட்டரியிலிருந்து தனி வயரா?

வாசகர் கேள்வி, குன்னூர் கார் எலக்ட்ரீஷியன் பதில்

ஏப்ரல், மே சீசனுக்கு முன்னால் வண்டிக்குப் பாட்டு செட் போடுகிறவர்கள் அதிகம். அதனால் இந்த மாதக் கேள்விகளும் அந்தப் பக்கமாகவே வந்திருக்கின்றன. செல்ஃப் மோட்டார், ஃபாக் லைட் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: வணக்கம் அண்ணா. என்னுடையது பத்து வருஷப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். டிக்கியில் நாலு சேனல் ஆம்ப்ளிஃபயர், 400 வாட்ஸ். முன் கதவு ஸ்பீக்கர் இரண்டும் ஒரு சப் வூஃபரும் அதில் ஓடுகின்றன. எர்த்தை (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியை) டிக்கிக்குள்ளேயே பாடியில் கொடுத்திருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் இறங்கும்போது கதவு ஸ்பீக்கரில் ‘ஙொய்ய்ங்’ என்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது. மஞ்சு இறங்கி லைட், வைப்பர், புளோயர் எல்லாம் போட்டால் இன்னும் மோசம். இன்னொரு கடைக்காரர், “பாடி எர்த்தே தப்பு. பேட்டரி மைனஸிலிருந்து நேராகத் தனி வயர் இழுக்கணும், 4,500 ரூபாய் ஆகும்” என்கிறார். இழுக்கலாமா? — ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். முதலில் அதை வாங்குங்கள்.

“பாடி வெறும் தகரம், வயரோ செம்பு, அப்போது செம்புதானே நல்லது?” என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இரும்புத் தகடு செம்பைவிடச் சுமார் எட்டு மடங்கு தடை காட்டும் என்பதும் உண்மை. ஆனால் அளவைப் பாருங்கள். உங்கள் காரின் தரைத் தகடு முக்கால் மில்லிமீட்டர் கனம் என்றாலும் அகலம் ஒரு மீட்டருக்கு மேல். குறுக்கே வெட்டிப் பார்த்தால் 700 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாது. எட்டால் வகுத்தால்கூட 85, 90 சதுர மில்லிமீட்டர் செம்புக்குச் சமம். கடைக்காரர் இழுக்கப்போகும் 4 கேஜ் வயரோ 21 சதுர மில்லிமீட்டர்தான். போதாததற்குக் கூரை, பக்கச் சட்டம், தரைக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டம் எல்லாமே வெல்டிங்கில் ஒன்றாகச் சேர்ந்து கரண்டைச் சுமக்கின்றன. உங்களுடையது போன்ற, சேஸும் பாடியும் ஒன்றேயான காரில் தகட்டின் மேல் குறை சொல்ல முடியாது.

வயர் கணக்கையும் போட்டுவிடலாம். 400 வாட்ஸ் வெளியே வர, டி கிளாஸ் ஆம்ப்ளிஃபயர் என்றால் 37 ஆம்பியர் வாக்கில் இழுக்கும். பழைய ஏபி கிளாஸ் என்றால் 50-ஐத் தாண்டும். 40 என்று வைத்துக்கொள்வோம். டிக்கியிலிருந்து பேட்டரி வரை 5 மீட்டர். அசல் செம்பு 4 கேஜ் வயரில் அந்த நீளத்துக்கு 0.16 வோல்ட் விழும். அதைவிட மெல்லிய 8 கேஜ் என்றால் 0.4 வோல்ட். அதே ஆம்ப்ளிஃபயரை 45 சென்டிமீட்டர் 4 கேஜ் வயரில் பக்கத்துப் பாடியில் சேர்த்தால், அந்த வயரில் விழுவது 0.015 வோல்ட். பாடி பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். அதாவது, நீள வயர் போட்டால் நஷ்டம் கூடத்தான் செய்யும், குறையாது.

அப்படியானால் பாடி எர்த்துக்கு ஏன் இவ்வளவு கெட்ட பெயர்? தகடு காரணமில்லை, அதில் வயர் சேரும் இடம்தான் காரணம். பெயிண்டைச் சுரண்டாமல் ஒரு தகர ஸ்க்ரூவை முறுக்கி, அதில் வயரைச் சுற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. போட்ட அன்றைக்கு வேலை செய்யும். உங்கள் ஊர் மழையும் மஞ்சும் இரண்டு ஐப்பசி பார்த்த பிறகு ஸ்க்ரூவைச் சுற்றிச் செந்துரு பூத்துவிடும். சமவெளியில் பல வருஷம் தாங்குகிற இணைப்பு மலையில் அவ்வளவு தாங்காது. ஈரக் குடையையும் சேற்றுச் செருப்பையும் டிக்கியில்தானே போடுகிறோம்! டிக்கி ஓரத்தில் முன்பு டிங்கரிங் செய்து புட்டி வைத்திருந்தால் இன்னும் கஷ்டம். ஸ்க்ரூ பாதி புட்டியில்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்து, அந்த ‘ஙொய்ய்ங்’. அது ஆல்டர்னேட்டரின் குரல். ஆல்டர்னேட்டரில் உண்டாவது மாறுமின்சாரம். டயோடுகள் அதை நேர்மின்சாரம் ஆக்கும்போது மேலே சின்னச் சின்ன அலை மிச்சமாகிறது. வழக்கமான 12 துருவ ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 36 அலை. என்ஜினைவிட அது இரண்டரை மடங்கு வேகத்தில் சுற்றுவதாக வைத்தால், 800 ஆர்.பி.எம். ஐடிலில் 1,200 ஹெர்ட்ஸ். இரண்டாவது கியரில் 2,500-ல் இறங்கினால் 3,750 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000-க்கும் 5,000-க்கும் நடுவில்தான். அதனால்தான் மலை இறங்கும்போது இந்தச் சத்தம் தலைவலி தருகிறது. சப் வூஃபரில் அது வராததற்கும் காரணம் இதுதான். அந்த உயரத்துச் சத்தத்தை அதற்குப் போகவிடாமல் ஃபில்டர் தடுத்துவிடுகிறது. லைட், வைப்பர், புளோயர் போடப்போட ஆல்டர்னேட்டர் அதிகக் கரண்ட் தள்ள வேண்டியிருக்கிறது, அலையும் பெருக்கிறது. நீங்கள் கவனித்து எழுதியிருப்பது ரொம்பச் சரி.

அந்த அலை பாட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. டேஷ்போர்டில் உள்ள செட்டுக்கு எர்த் முன்பக்கம். ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் டிக்கியில். இரண்டுக்கும் நடுவே, செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயரின் வெளிச்சுற்று ஓடுகிறது. இரண்டு எர்த்துக்கும் இடையில் சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே அந்த வெளிச்சுற்றில் கரண்ட் பாயும். ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டென்று நினைத்துப் பெருக்கிக் கொடுக்கும். இப்போது தனி வயரைப் பேட்டரி மைனஸுக்கு இழுத்தால் என்ன நடக்கும்? ஆம்ப்ளிஃபயரின் எர்த் பேட்டரி முனைக்குப் போய்விடும், செட்டின் எர்த் பாடியிலேயே இருக்கும். பாடிக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்ன எர்த் பட்டை. லைட், வைப்பர், புளோயர் எல்லாவற்றின் கரண்டும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்புகிறது. அதில் விழும் வோல்ட் முழுக்க இனி உங்கள் ஆர்.சி.ஏ. வயருக்கு வந்து சேரும். தனி வயர் இழுத்த பிறகு சத்தம் கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

எனவே செய்ய வேண்டியது இது. என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு, பேஸ் அதிகமுள்ள பாட்டு ஒன்றை நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வையுங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் போஸ்ட்டிலேயே வையுங்கள், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் அல்ல. இன்னொரு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் டெர்மினலில். மீட்டர் வயர் எட்டாது. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய மெல்லிய வயரை ஒட்டிக்கொள்ளலாம், மீட்டர் கரண்ட் இழுப்பதில்லை என்பதால் தப்பில்லை. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் உங்கள் எர்த் அருமை. 0.3, 0.5 என்று காட்டினால் வழியைத் துண்டு போட்டு அளக்க வேண்டும்: போஸ்ட்டிலிருந்து கிளாம்ப், கிளாம்ப்பிலிருந்து பேட்டரிப் பக்கத்துப் பாடி, அங்கிருந்து டிக்கிப் பாடி, டிக்கிப் பாடியிலிருந்து ஆம்ப் டெர்மினல். எந்தத் துண்டில் எண் குதிக்கிறதோ அதைப் பிரித்துச் சரி செய்யுங்கள். ஓம் ரேஞ்சில் வைத்து “பீப் வருது, எர்த் ஓகே” என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். நாம் தேடுவது ஓமில் ஆயிரத்தில் சில பங்கு. மீட்டரின் வயருக்கே அதைப்போலப் பல மடங்கு தடை உண்டு.

டிக்கி இணைப்புதான் குற்றவாளி என்றால் புதிதாகப் போட்டுவிடுங்கள். தகட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், வயர் எதுவும் இல்லையென்று கீழே படுத்துப் பார்த்த பிறகு துளை போடுங்கள். ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்குப் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். வயர் நுனியில் சரியாகக் கிரிம்ப் செய்த (அழுத்திப் பொருத்திய) செம்பு வளையமான லக், பல் வாஷர், 8 மில்லிமீட்டர் போல்ட், பின்னால் நட்டு. தகர ஸ்க்ரூ கூடாது. இறுக்கிய பிறகு மேலும் கீழும் பெயிண்ட் அடித்துவிடுங்கள், அல்லது வாசலினைத் தடவுங்கள். இந்த மலையில் அந்தக் கடைசி வேலைதான் பாதி ஆயுள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் கொடுக்காதீர்கள். விபத்தில் ஆளைப் பிடித்து நிறுத்துகிற போல்ட் அது. லக் நுழைப்பதற்காக அதன் பிடிமானத்தைக் குறைக்க யாருக்கும் உரிமை இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் நின்றபாடில்லை என்றால், ஆர்.சி.ஏ. வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, சார்ஜரில் போடாத செல்போனை அந்த இடத்தில் இணைத்துப் பாட்டுப் போடுங்கள். சத்தம் மறைந்தால் ஆம்ப்ளிஃபயரும் அதன் எர்த்தும் நிரபராதி. செட்டின் எர்த்தைப் பாருங்கள். அது பழைய வயரிங் கட்டிலுள்ள மெல்லிய கறுப்பு வயரில் நாலு பேரோடு பங்கு போட்டுக்கொண்டிருக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் உறுதியான பாடி இரும்பில் அதற்கென்று ஓர் இணைப்பு கொடுங்கள். ஆர்.சி.ஏ. வயர் பவர் வயரோடு ஒட்டிப் போகிறதா என்றும் பாருங்கள். ஒன்று இடது பக்கம், மற்றது வலது பக்கம் போவது நல்லது. ஆம்ப்ளிஃபயரில் கெயின் முழுக்கத் திருப்பியிருந்தால் குறையுங்கள். அது வால்யூம் குமிழ் இல்லை. இந்தச் சத்தத்தைத் தடுக்க ஆர்.சி.ஏ. வயரின் நடுவில் போடுகிற ஐசொலேட்டர் டப்பா கடைசிக் கைதான். மலிவான டப்பா சத்தத்தோடு சேர்த்துக் கொஞ்சம் பேஸையும் தின்றுவிடும்.

இதற்கெல்லாம் மொத்தச் செலவு லக், போல்ட், ஒரு முழம் வயர்.

கேள்வி: ஐயா, கூடலூரில் டாக்ஸி ஜீப் ஓட்டுகிறேன். பழைய டீசல் வண்டி. பின் சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் வைத்து சீட் போல்ட்டில் எர்த் கொடுத்திருக்கிறேன். பேஸ் அடிக்கும்போது டேஷ்போர்டு லைட் மினுங்குகிறது, டெம்பரேச்சர் முள்ளும் ஆடுகிறது. சில நாள் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது. அப்போது ஆக்ஸிலேட்டர் கேபிள் சூடாகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? — ஒரு வாசகர், கூடலூர்

பதில்: உண்டு. கேபிள் சூடாவதை முதலில் பாருங்கள், பாட்டு அப்புறம். என்ஜினையும் பேட்டரி மைனஸையும் சேர்க்கும் எர்த் பட்டை அறுந்திருக்கிறது, அல்லது உளுத்திருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது டீசல் வண்டியில் 200 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதற்கு வழி கிடைக்காததால் ஆக்ஸிலேட்டர் கேபிளின் இரும்பு இழை வழியாகத் திரும்புகிறது. கேபிள் வெந்து உள்ளேயே ஒட்டிக்கொண்டால், தேவாலா பக்கம் மழையில் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டர் திரும்பி வராது. இன்றைக்கே மாற்றுங்கள்.

கோத்தகிரிக்காரருக்குச் சொன்னதை உங்கள் வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஜீப்பில் சேஸ் வேறு, பாடி வேறு. பாடி சேஸின் மேல் ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. இரண்டையும் சேர்ப்பது ஒரு பின்னல் செம்புப் பட்டையும், அதிர்ஷ்டம் இருந்தால் துருப்பிடிக்காத ஒன்றிரண்டு போல்ட்டும்தான். ஆம்ப்ளிஃபயர் 40 ஆம்பியர் இழுக்கும்போது பாடி முழுவதும் ஒரு வோல்ட் மேலே தூக்கிக்கொள்கிறது. டெம்பரேச்சர் சென்சர் என்ஜினில் எர்த் ஆகிறது, மீட்டர் பாடியில். நடுவில் வித்தியாசம் வந்தால் முள் ஆடாமல் என்ன செய்யும்? தண்ணீர் சூடு அப்படியேதான் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

பேட்டரி மைனஸிலிருந்து என்ஜினுக்கு ஒன்று, சேஸுக்கு ஒன்று, சேஸிலிருந்து பாடிக்கு ஒன்று என்று மூன்று பட்டையையும் 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் லக் அடித்துப் புதிதாகப் போடுங்கள். கூடலூரில் ஜூனில் தொடங்கும் மழை வண்டியின் அடிப்பக்கத்தை எவ்வளவு தின்னும் என்பது உங்களுக்கே தெரியும். பேட்டரிக் கடைகளில் விற்கும் மெல்லிய பின்னல் பட்டை வேண்டாம். இழைகளுக்குள் தண்ணீர் ஏறிப் பச்சை பூத்துவிடும்.

பட்டைகளை மாற்றிய பிறகு பாடி எர்த்திலேயே பாட்டு ஓடலாம். ஆனால் உங்கள் தரைத் தகடு ஒட்டுப்போட்ட தகடாக இருந்தால், அதுவும் ரிவெட் அடித்து ஒட்டியதாக இருந்தால், உங்களுக்குத்தான் தனி மைனஸ் வயர் தேவை. ப்ளஸ்ஸுக்கு என்ன கனமோ அதே கனத்தில், அதன் கூடவே இழுங்கள். இழுத்தால் செட்டின் எர்த்தையும் பாடியிலிருந்து கழற்றி இந்த வயரின் முனைக்கே கொண்டுவந்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயரை மட்டும் மாற்றினால், மேலே சொன்ன ‘ஙொய்ய்ங்’ உங்கள் வண்டிக்கும் வரும். ஃபைபர் பாடி கட்டிய வேனுக்கும் இதே முறைதான். அங்கே பாடி எர்த் என்ற பேச்சுக்கே இடமில்லை. சீட் போல்ட் எர்த்தைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: புது கார், சிக்னலில் தானாக அணைந்து தானாக ஸ்டார்ட் ஆகும் வகை. பேட்டரி மைனஸ் கிளாம்ப்பில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் மைனஸை அங்கே கொடுக்கலாமா? — ஒரு வாசகி, வெலிங்டன்

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா. அந்தப் பெட்டி பேட்டரிக்குள் போகும் கரண்டையும் வெளியே வரும் கரண்டையும் கணக்கு வைக்கிறது. நேராகப் போஸ்ட்டில் இணைத்தால் ஆம்ப்ளிஃபயர் இழுப்பது கணக்கில் வராது. காலியான பேட்டரியைக் கம்ப்யூட்டர் நிறைந்ததாக நினைத்துக்கொள்ளும். தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி குழம்பும், பேட்டரியின் ஆயுளும் குறையும். மைனஸைப் பாடியில் கொடுங்கள், கரண்ட் அந்தக் கறுப்புப் பெட்டி வழியாகவே திரும்பும். ப்ளஸ்ஸைப் பேட்டரியிலிருந்து எடுத்து, 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் போட்டுவிட வேண்டும். வாரண்டி இருக்கிற வண்டி என்பதால், கை வைப்பதற்கு முன் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதை அப்புறம் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: அண்ணா, ஆன்லைனில் 4 கேஜ் வயர் கிட் 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் 1,500 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. தாங்குமா? — கல்லூரி மாணவர், ஊட்டி

பதில்: தம்பி, இரண்டையும் நம்பாதே. ஆம்ப்ளிஃபயரில் என்ன ஃபியூஸ் இருக்கிறது என்று பார். 40 ஆம்பியர் என்றால் 13.5 வோல்ட்டில் உள்ளே போவதே 540 வாட்ஸ். அதில் 1,500 எப்படி வெளியே வரும்? 400 வந்தால் பெரிய விஷயம். வயரின் நுனியில் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டு. உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே கனத்துச் செம்பைவிட ஒன்றரை மடங்கு தடை. லக்குக்குள் தளர்ந்துபோகும், ஈரத்தில் சீக்கிரம் அரிக்கும். வெளியே வெள்ளையாக இருந்து உள்ளே சிவப்பாக இருந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு. நம் ஊருக்கு அதைவிட நல்லது இல்லை, கிடைத்தால் விடாதே. வெல்டிங் கேபிள் மீட்டர் கணக்கில் விற்பார்கள். அசல் செம்புதானா என்று சுரண்டிப் பார்த்து வாங்கினால் கிட்டைவிட உருப்படியாக இருக்கும்.

கேள்வி: பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது. ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் (கரண்டைச் சேர்த்து வைத்துத் தேவைப்படும்போது கொடுப்பது) போட்டால் சரியாகுமா? — ஒரு வாசகர், அருவங்காடு

பதில்: 13.5 வோல்ட்டிலிருந்து 12.5-க்கு இறங்கும் வரை ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் கொடுப்பது 13 ஜூல். 500 வாட்ஸ் இழுக்கிற ஆம்ப்ளிஃபயருக்கு அது ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் வரும். பார்க்க நன்றாக இருக்கும், நீல லைட் எரியும். அந்தப் பணத்தில் பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகும் பட்டைகளை மாற்றுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் பேட்டரியின் வயதைப் பாருங்கள்.

கேள்வி: ப்ளஸ்ஸில் ஃபியூஸ் இருப்பதுபோல எர்த் வயரிலும் ஒன்று போட்டால் கூடுதல் பாதுகாப்புதானே? — ஒரு வாசகர், மசினகுடி

பதில்: ஆபத்து. எர்த் ஃபியூஸ் போய்விட்டால் ப்ளஸ் அப்படியே இருக்கும், கரண்ட் திரும்ப வேறு வழி தேடும். கிடைக்கிற ஒரே வழி ஆர்.சி.ஏ. வயரின் வெளிச்சுற்று. அது செட்டுக்குள் இருக்கும் தலைமுடி கன இணைப்பை எரித்துவிட்டுத்தான் நிற்கும். எர்த் லக் தளர்ந்து கழன்றாலும் இதே கதி. ஆம்ப்ளிஃபயரில் கை வைக்கும்போதெல்லாம் முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள், திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள்.